பழைய விளையாட்டுக்குப் புதிய திருப்பணி

புனே மாநகரின் தென்கிழக்கே அமைந்த கோந்த்வா, பெயரில் பழமையையும் தோற்றத்தில் புதுமையையும் ஒருங்கே கொண்டது. கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என அஃது இரு பகுதிகளாக வழங்கும். குர்த் என்பது சிறியது. புத்ருக் என்பது பெரியது. சின்ன, பெரிய என்னும் அடைகளைச் சேர்த்து நம் சிற்றூர்களுக்குப் பெயர் வழங்குகிறோம் அல்லவா? மராட்டிய நாட்டிலும் அம்முறை இவ்வாறு வழங்குகின்றது. சிற்றூராக இருந்த அவ்விடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் ஓங்கி நிற்கின்றன. உருவம் மாறினும் ஊரின் பெயர் மாறவில்லை. பழையதைப் புதுக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்னும் வினா ஊருக்கு மட்டும் உரியதன்று. அவ்வீடுகளுக்குள்ளே ஆடப்படும் கணினி விளையாட்டுக்கும் அஃது உண்டு. அதனையே இங்கு ஆராய்வோம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் பயின்றவர் பலர், பிழைப்பின்பொருட்டுப் புனே, பெங்களூர், மும்பை முதலிய நகரங்களில் குடியேறி, இன்று பெற்றோராகவும் இருக்கின்றனர். அந்நாளில் தாம் விரும்பி ஆடிய விளையாட்டைத் தம் மக்களுக்குக் காட்ட விழைவது இயல்பே. ஆனால் பிள்ளைகளோ, "இதென்ன அப்பா, எல்லாம் மங்கலாக இருக்கிறதே!" என்று சொல்லி எழுந்து போய்விடுகின்றனர். பழைய விளையாட்டைக் கைவிடுவது ஒரு வழி. புதிய விளையாட்டையும் அதற்கேற்ற விலையுயர்ந்த கணினியையும் வாங்குவது மற்றொரு வழி. இவ்விரண்டும் அன்றி, வீட்டில் உள்ள கணினியைக்கொண்டே பழைய விளையாட்டின் தோற்றத்தைப் புதுக்கிக்கொள்ளும் மூன்றாம் வழி ஒன்று உண்டு. இதற்குப் பொருட்செலவு மிகக் குறைவு. பொறுமையே பெரிதும் வேண்டும்.

விளையாட்டின் படங்களையும் உருவங்களையும் ஒளியையும் மாற்றுவதற்கென ஆர்வலர்கள் ஆக்கித் தரும் சேர்க்கைகளை இளைஞர்கள் 'மாட்' என்பர். நாம் அவற்றைத் திருத்தத் தொகுதி என வழங்குவோம். எடுத்துக்காட்டாக ஒரு விளையாட்டைக் கொள்வோம். 2002-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'மாரோவிண்ட்' என்பது, கூத்தில் வேடம் கட்டுவதுபோல் ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று நடத்தும் வகையைச் சேர்ந்தது. 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்னும் வரிசையில் அது மூன்றாவது. கணினிக்கான பதிப்போடு, அவ்விளையாட்டை மாற்றியமைப்பதற்குரிய கருவியையும் அந்நிறுவனம் சேர்த்தே வழங்கியது. அதனாலேயே அதற்குத் திருத்தத் தொகுதிகள் பல்கிப் பெருகின. இன்றும் புதியன வந்துகொண்டிருக்கின்றன.

அக்கதை நம்போன்றோருக்கு நெருக்கமானது. அதன் நாயகன் சிறையிலிருந்து விடுவிக்கப்பெற்று, வார்டன்பெல் என்னும் தீவில் சேடா நீன் என்ற சிற்றூரில் கப்பலிலிருந்து இறங்குகிறான். அங்குள்ளோர் அவனை வெளிநாட்டான் என்றே அழைக்கின்றனர்; பலர் முகங்கொடுத்தும் பேசுவதில்லை. பால்மோரா என்னும் நகருக்குச் சென்று ஒருவரைக் காணும்படி அவனுக்குக் கட்டளை. இக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில், செல்ல வேண்டிய இடத்தை ஓர் அம்புக்குறி காட்டிக்கொண்டே வரும். மாரோவிண்டில் அஃது இல்லை. "பாலத்தைக் கடந்து வடக்கே போ, பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பு" என்பதுபோல் மனிதர் வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டே அவன் வழி காண வேண்டும். அரைகுறை மராட்டியில் வழி கேட்டுக் கோந்த்வாவின் தெருக்களைக் கற்றவர்க்கு இந்நிலையை விளக்கவேண்டுவதில்லை. இச்செய்தியை நேயர்கள் மனத்திற் கொள்க. பின்னர் இது பயன்படும்.

இனி, கணினித் திரையில் தோன்றும் காட்சி எவ்வாறு அமைகின்றது என்பதைக் காண்போம். கோயிற் கோபுரத்தை நினைத்துக்கொண்டால் இஃது எளிதில் விளங்கும். கோபுரத்தில் சுதையால் ஆன உருவம் உண்டு. அதன்மேல் தீட்டிய வண்ணம் உண்டு. அவ்விரண்டையும் காட்டும் ஒளி உண்டு. விளையாட்டிலும் அவ்வாறே. சிறு முக்கோணங்களால் பின்னிய சட்டமே உருவம். அதற்கு 'மெஷ்' என்று பெயர். அதன்மேல் போர்த்தும் படமே வண்ணம். அதற்கு 'டெக்ஸ்சர்' என்று பெயர். ஒளியும் நிழலும் நீரின் பளபளப்பும் எவ்வாறு விழவேண்டும் எனக் கணக்கிடும் சிறு நிரலுக்கு 'ஷேடர்' என்று பெயர். திருத்தத் தொகுதிகளுள் பெரும்பாலானவை இம்மூன்றனுள் ஒன்றை மாற்றுவனவே. மூன்றும் ஒன்றோடொன்று இயைய வேண்டும். உருவம் கரடுமுரடாக இருக்க, வண்ணத்தை மட்டும் மிகத் துல்லியமாக்கினால், உருவத்தின் குறையே முன்னிலும் மிகுதியாகப் புலப்படும்.

பலர் மயங்கும் இடம் படங்களின் அளவாகும். பக்கத்துக்கு 256 புள்ளிகள் கொண்ட சதுரப் படம் சுருக்கப்படாத நிலையில் 256 கிலோபைட் நினைவகத்தைக் கொள்ளும். 1024 புள்ளிகள் கொண்டது 4 மெகாபைட். 4096 புள்ளிகள் கொண்டது 64 மெகாபைட். பக்கம் நான்கு மடங்கானால் நினைவகம் பதினாறு மடங்காகும் என்பதே கணக்கு. சுருக்க முறைகளால் இவ்வளவு நான்கிலொன்றாகவோ எட்டிலொன்றாகவோ குறையும். ஆயினும் விகிதம் மாறாது. நம் வீடுகளில் காணும் திரை 1920-க்கு 1080 என்னும் அளவினதாயின், அதில் உள்ள புள்ளிகள் ஏறத்தாழ 20 இலட்சம். 4096 அளவுள்ள ஒரே படத்திலோ ஏறத்தாழ 1 கோடியே 68 இலட்சம் புள்ளிகள் உள்ளன. முழுத்திரையைப் போல் எட்டு மடங்கு நுண்மையை மேசைமேல் கிடக்கும் ஒரு கரண்டிக்குக் கொடுத்தால் கண்ணுக்குப் பயன் யாது? கணினி திணறுவது ஒன்றே பயன். பெரிய சுவர், தரை, மலைமுகடு முதலியவற்றிற்கு 2048, ஏனையவற்றிற்கு 1024 என வகுத்துக்கொள்வது நடுத்தரக் கணினிக்கு ஏற்றது. தனியான கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியாயின் இன்னும் குறைத்துக்கொள்வது நலம்.

திருப்பணிக்கு முறை உண்டு. கோயிலில் வேலை தொடங்குமுன் பாலாலயம் செய்வர். மூலவரின் ஆற்றலைத் தற்காலிகமான ஓரிடத்தில் எழுந்தருளச் செய்து, வழிபாடு தடையின்றி நடக்க வழிசெய்த பின்னரே உளியை எடுப்பர். விளையாட்டைப் புதுக்குவோரும் இதனைப் பின்பற்றுதல் வேண்டும். முறையாக விலைகொடுத்து வாங்கிய விளையாட்டை, விண்டோஸ் தன் காவலில் வைத்திருக்கும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் இடாமல், வேறொரு கோப்புறையில் நிறுவுக. எதுவும் சேர்க்காமல் ஒருமுறை ஆடிப் பார்க்க. குறையின்றி ஓடுமாயின், அக்கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் படியெடுத்து வைக்க. இவ்வொரு படி பின்னால் வரக்கூடிய நூறு இடர்களுக்கு மருந்தாகும்.

அடுத்து, திருத்தத் தொகுதிகளை விளையாட்டின் கோப்புறையில் நேரே கொட்டுதல் கூடாது. 'மாட் ஆர்கனைசர்' போன்ற கருவி, ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்துக்கொண்டு, விளையாட்டு ஓடும்போது மட்டும் அவை உள்ளே இருப்பதுபோல் தோற்றங்காட்டும். மூலக் கோப்புகள் தொடப்படுவதில்லை. வேண்டாத தொகுதியை ஒரு குறியை நீக்கி விலக்கிவிடலாம். இரு தொகுதிகள் ஒரே சுவரின் படத்தை மாற்ற முற்படுமாயின், வரிசையில் பின்னால் நிற்பதே வெல்லும். ஆகவே பொதுவானதை முன்னும், சிறப்பானதைப் பின்னும் நிறுத்துவது விதி.

சேர்க்கும் வரிசையும் இன்றியமையாதது. முதலில் பழுது நீக்கம், பிறகே அலங்காரம். மாரோவிண்டின் இறுதிப் பதிப்பாகிய 1.6.1820-இன்மேல் 'மாரோவிண்ட் கோட் பேட்ச்' என்பதைச் செலுத்தினால் நிரலில் உள்ள பிழைகள் பல நீங்கும். 'பேட்ச் ஃபார் ப்யூரிஸ்ட்ஸ்' என்பது உரையாடல், பணிகள், பொருள்கள் ஆகியவற்றில் உள்ள பிழைகளைக் களையும். பின்னர் 'ஆப்டிமைசேஷன் பேட்ச்' என்பது உருவச் சட்டங்களைச் சீர்செய்து கணினியின் சுமையைக் குறைக்கும். அதன்பின் சுவர், தரை, மரம் ஆகியவற்றின் படங்கள், அதன்பின் மனித முகங்களும் உடல்களும், அதன்பின் விளக்கொளி. இவற்றையெல்லாம் முடித்த பிறகு, 'எம்.ஜி.இ. எக்ஸ்.இ.' என்னும் கருவியைக்கொண்டு தொலைக்காட்சிகளை, அதாவது தூரத்து மலைகளையும் கட்டடங்களையும், உருவாக்குக. நாம் சேர்த்துள்ள தொகுதிகளைப் பார்த்தே அது தூரத்து நிலத்தை வரைந்துகொள்வதால், பின்னால் நிலத்தை மாற்றும் ஒன்றைச் சேர்த்தால் மீண்டும் வரையச் செய்தல் வேண்டும். ஒவ்வொன்றைச் சேர்த்தவுடனும் சில நிமிடம் ஆடிப் பார்ப்பது அறிவுடைமை. ஐம்பது தொகுதிகளை ஒரே இரவில் சேர்த்துவிட்டு, பழுது எதில் என்று தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும்.

இன்னும் இரு குறிப்புகள். படங்களை மட்டும் மாற்றும் தொகுதியை ஆட்டத்தின் நடுவிலும் சேர்க்கலாம், நீக்கலாம். ஊர்களையும் மனிதர்களையும் சேர்க்கும் தொகுதியை ஆட்டத்தின் நடுவில் நீக்கினால், சேமித்து வைத்த ஆட்டமே பழுதடையக்கூடும். மற்றொன்று, மாரோவிண்ட் 32 பிட் நிரல் ஆதலின் இயல்பாக 2 ஜிகாபைட் நினைவகத்தையே கையாளும். அதனை 4 ஜிகாபைட் வரை கையாளச் செய்யும் சிறு திருத்தம் தனியே உண்டு. இத்தடைகள் வேண்டாம் என்பார்க்கு 'ஓப்பன் எம்.டபிள்யூ.' என்னும் புதிய இயக்க நிரல் உள்ளது. ஆர்வலர்கள் 2008-இல் தொடங்கி வளர்த்துவரும் இது விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஓடும். மூல விளையாட்டின் கோப்புகளை நாம் வாங்கி வைத்திருத்தல் மட்டும் வேண்டும். ஆனால் மேலே சொன்ன கோட் பேட்சும் எம்.ஜி.இ.யும் இதனோடு சேரா. இதற்கெனத் தனி ஏற்பாடுகள் உண்டு. எனவே எவ்வழி என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்தல் நன்று.

இதுவரை கூறியது செய்முறை. செய்முறையினும் அரிதான ஒன்று உண்டு. அது, பழைய விளையாட்டில் குறை எது, கருத்து எது எனப் பிரித்தறிதல் ஆகும்.

மூடுபனியை எடுத்துக்கொள்வோம். 2002-ஆம் ஆண்டுக் கணினிகளால் தொலைவில் உள்ள நிலத்தை வரைய இயலவில்லை. எனவே சிறிது தூரத்துக்கு அப்பால் எல்லாவற்றையும் பனி மறைத்தது. அது கருவியின் குறைதான். ஆயினும் அக்குறை கதையோடு எவ்வளவு இயைந்துவிட்டது என்பதைப் பாருங்கள். புது நாட்டில் இறங்கிய ஒருவனுக்கு அடுத்த குன்றுக்கு அப்பால் யாது உள்ளது எனத் தெரியாது. பிறர் சொன்ன வழியை நம்பி நடக்கிறான். பனியினூடே ஒரு கோபுரம் தோன்றும்போது அவன் மனம் துள்ளுகிறது. இப்பனியை முற்றிலும் நீக்கி, தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தெரியும்படி செய்தால், முதல் நாள் வியப்பு உண்டாகும் என்பது உண்மை. நடுவே உள்ள செம்மலை என்னும் எரிமலை வானளாவ நிற்பது கண்கொள்ளாக் காட்சியே. ஆனால் மறுநாள் அத்தீவு சிறுத்துவிடும். பெருநாடு என்று எண்ணியது கைக்கெட்டும் தொலைவில் கிடப்பது தெரிந்துவிடும். வழி கேட்கவேண்டிய தேவையும் குறைந்துவிடும். ஆதலின் தொலைவை ஓரளவுக்கு நீட்டி, பனியை மெல்லிய திரையாக நிறுத்திக்கொள்வதே தக்கது. அக்கருவியில் இதற்கான அளவுகோல் உண்டு.

மற்றொன்று, செயற்கை நுண்ணறிவால் படங்களைப் பெரிதாக்குதல். 2018-இல் வெளிவந்த 'இ.எஸ்.ஆர்.கான்' என்னும் முறை, சிறு படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, இல்லாத நுண்மையைத் தானே ஊகித்து நிரப்பும். பழைய விளையாட்டுகளின் ஆயிரக்கணக்கான படங்களை ஒருவரே குறுகிய காலத்தில் புதுக்க இதனால் முடிந்தது. மூல ஓவியரின் வண்ணத் தேர்வைக் காத்தலில் இது புதிதாக வரைவதைவிட நன்று. எனினும் ஊகம் ஊகமே. மரப்பட்டைக்கும் கற்சுவருக்கும் ஊகம் பொருந்தும். கொடியிலும் பலகையிலும் உள்ள எழுத்துக்குப் பொருந்துவது அரிது. எழுத்தறியாத ஒருவர் எழுத்தைப் பார்த்து வரைந்ததுபோல் அது சிதைந்துவிடும். தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் சுவரைத் தூய்மை செய்யவென மணலை விசையோடு வீசியபோது, அழுக்கோடு கல்வெட்டெழுத்துகளும் தேய்ந்துபோனதை நாம் அறிவோம். சுவர் பளிச்சென்றது, செய்தி மறைந்தது. எழுத்துள்ள படங்களை மட்டும் கையால் வரைந்த தொகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளுதல் இதற்குப் பரிகாரம்.

திரைப்படத்திலும் இவ்வேறுபாடு உண்டு. 1964-இல் வெளிவந்த 'கர்ணன்' படம், படச்சுருளின் கீறல்களும் ஒலியின் தேய்வும் நீக்கப்பெற்று 2012-இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. இருந்ததைத் தெளிவாக்கிய பணி அது. 1960-ஆம் ஆண்டின் 'மொகலே ஆசம்' இந்திப் படமோ, கறுப்பு வெள்ளைப் பகுதிகளுக்கும் வண்ணம் ஏற்றப்பெற்று 2004-இல் வெளியிடப்பட்டது. இல்லாததைச் சேர்த்த பணி இது. இரண்டையும் மக்கள் விரும்பிப் பார்த்தனர். ஆனால் வண்ணம் ஏற்றியபின் மூலச்சுருளை எறிந்துவிடலாம் என எவரும் சொல்லார். மூலங்களைக் காப்பதற்கெனவே 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. அது நாம் வாழும் இதே புனே நகரில் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. தொடாத படி ஒன்று வேண்டும் என்று நாம் முன்னர் வற்புறுத்தியது இக்கருத்துப் பற்றியே. மூலம் கையில் இருக்கும் வரை எத்தனை அலங்காரம் செய்தாலும் கேடில்லை. திரும்பிச் செல்ல வழி உண்டு.

இத்தொகுதிகளை ஆக்குவோர் பெரும்பாலும் ஊதியம் கருதாதவர். 2015 ஏப்ரல் 23 அன்று, 'ஸ்கைரிம்' விளையாட்டுக்கான தொகுதிகளை விலைக்கு விற்கும் ஏற்பாட்டை வால்வ் நிறுவனமும் பெதெஸ்டாவும் தொடங்கின. ஆடுவோரிடையே எழுந்த எதிர்ப்பால் 27-ஆம் நாளே அது கைவிடப்பட்டது. உரிமையாளரே முன்வந்து புதுக்குவதும் உண்டு: 2006-இல் வந்த 'ஆப்லிவியன்', 2025 ஏப்ரலில் புதுத் தோற்றத்தோடு விலைக்கு வந்தது. அதில் பழைய இயக்க நிரல் உள்ளே இருக்க, காட்சியை மட்டும் 'அன்ரியல் எஞ்சின் 5' வரைகின்றது. பெருநிறுவனமும் பழைய அடித்தளத்தை இடிக்கத் துணியவில்லை என்பது காண்க. அதனை ஆட வலிய கணினி வேண்டும். ஆர்வலர் தொகுதிகளுக்கோ நாம் விரும்பும் அளவு போதும்.

இலவசம் என்பதால் எங்கிருந்தும் எதையும் எடுத்தல் ஆகாது. ஆக்கியோர் பெயரும் விளக்கக் குறிப்பும் உள்ள, பலர் பயன்படுத்திக் கருத்துரைத்த தொகுதிகளையே எடுக்க. படத் தொகுதி என்று சொல்லித் தானே இயங்கும் நிரலாக வருவதைத் திறவாதிருக்க. மேற்சொன்ன எம்.ஜி.இ., கோட் பேட்ச் போன்ற சில கருவிகள் மட்டுமே இதற்கு விலக்கு. குறிப்புரையை முழுவதும் படிக்க. எதனோடு சேராது என்பது அங்கேயே எழுதப்பட்டிருக்கும். மாரோவிண்ட் பதின்வயதினர்க்கு உரியது என அமெரிக்கத் தர அமைப்பு வகுத்துள்ளது. ஆனால் தொகுதிகளுக்கு அத்தகைய தரம் குறிப்பார் இலர். எனவே பிள்ளைகளுக்காகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெற்றோரையே சாரும்.

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து இப்பணியைச் செய்வார்களாயின் அதனினும் சிறந்தது ஒன்றில்லை. கோப்பு, நினைவகம், வரிசை, முரண் என்பன யாவும் பிள்ளைகளுக்குப் பாடமாக அன்றிப் பழக்கமாக வந்து சேரும். ஒரு படத்தை ஏன் மாற்றுகிறோம், இப்பனியை ஏன் விட்டுவைக்கிறோம் என்று ஒவ்வொரு படியிலும் பேசவேண்டி வரும். "மங்கலாக இருக்கிறது" என்று எழுந்து போன பிள்ளை, மங்கலிலும் ஒரு காரணம் இருந்ததை அறிந்துகொள்ளும். வெளிமாநிலத்தில் வளரும் நம் மக்களுக்கு நாம் கொடுக்கக் கருதும் பழைய பொருள்கள் பல. அவற்றை அப்படியே கொடுத்தால் அவர்கள் கொள்வதில்லை, முற்றும் மாற்றிக் கொடுத்தால் அவை நாம் கொடுக்கக் கருதியவை ஆவதில்லை. அவ்விரண்டுக்கும் நடுவே எங்கு நிற்பது என்பதை ஒரு விளையாட்டைக்கொண்டு பழகிப் பார்ப்பதில் தவறொன்றுமில்லை. விடுமுறை நாள் ஒன்றில், முதலில் மூலத்தைப் படியெடுத்து வைத்துவிட்டு, ஒரே ஒரு தொகுதியோடு தொடங்குக.